கால்மிதிக்கு அடியில்

அழுகிய முட்டைக்கோசு போல ஒரு வாடை மூக்கில் ஏறியதும்தான் அவள் விழித்தாள். மதியத் தூக்கத்தின் கனத்தில் அது கனவா நிஜமா என்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. எழுந்து சமையலறைக்கு ஓடினாள். மாமனார் அடுப்பின் முன்னால் நின்று ஒரு கையால் கேஸ் திருகை மூடிக்கொண்டிருந்தார், மறு கையால் ஜன்னலைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "லைட் சுவிட்சத் தொடாதேம்மா, அப்படியே நில்லு" என்றார்.

அன்று கணவனுக்கு விடுமுறை. பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவன். விடுமுறை என்றால் குளியலறையில் மணிக்கணக்காகக் கிடப்பான். ஈரத்தலையோடு வந்து நின்றவனின் முகத்தில் முதலில் பயம்தான் இருந்தது. அது கோபமாக மாறியதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"மறுபடியுமாப்பா? கீழ்வீட்டுல கைக்குழந்தை இருக்கு. நாலு மாடிக் கட்டடம். ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

மாமனார் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானாத்தான் இருக்கும்ப்பா. ஞாபகம் இல்ல" என்றார்.

அந்த 'நானாத்தான் இருக்கும்' அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பைத் தொங்கவிட்டே ஆயுளைக் கழித்தவர். தண்ணீர்க் குழாயை மூடினால் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பார். செருப்பைக்கூட வாசலைப் பார்த்து ஜோடியாக விடுகிற மனிதர். அவருக்கு மறதி என்றால் அது கேஸ் திருகில் மட்டும் வருமா? வேறெங்கும் வரக் காணோமே. ஆனால் அன்று சாயந்திரமே கணவன் யாருக்கோ போன் செய்து பேசினான். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றில் கட்டில் காலியாக இருந்தது. "சனிக்கிழமை கொண்டுபோய் விட்டுடலாம். நல்ல இடம்தான். மரமெல்லாம் இருக்கு" என்று அவளிடம் சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. அவனைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். விடியற்காலை ஷிஃப்ட். வீடு திரும்பிச் சாப்பிட்டுவிட்டு மதியம் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள். ஓய்வு நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம், சாவி கொடுத்து ஓடும் பழைய கேமராக்கள். பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் பெரிய குமிழைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல முறுக்கிவிட்டால் போதும். ஒவ்வொரு தரம் பொத்தானை அழுத்தும்போதும் படம் பிடித்து, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கே 'சர்ர்' என்று ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்திக்கொள்ளும். கூடத்து அலமாரி முழுக்க அவைதான். செத்துப்போன ஒன்றின் வயிற்றிலிருந்து ஸ்பிரிங் எடுத்து இன்னொன்றுக்கு மாற்றுவாள். கிழிந்த தோலை உரித்துவிட்டுப் பழைய கைப்பையை வெட்டி ஒட்டுவாள். "பொம்பளைங்க நகை சேப்பாங்க, இவ எலிப்பொறி சேக்கறா" என்பான் கணவன். மாமனார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக எடுத்து, சாவி கொடுத்து, ஓடவிட்டு, முறுக்கு இறங்கியதும் திரும்ப வைப்பார். முறுக்கியபடியே விட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று அவள் ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை வரைக்கும் வீட்டில் கண்காணிப்புக் கேமரா வைக்கலாம் என்று கணவன் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். பெரியவர் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டு இருப்பதை நினைத்தாலே கூசியது. அலமாரியின் பின்வரிசையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்தாள். சத்தம் வெளியே வராமல் உள்ளே கம்பளித் துணி வைத்து அவளே மாற்றியமைத்த கேமரா. பொத்தானுக்கு மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்தினாள். குழாயின் மறுமுனையில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு ரப்பர் உருண்டை. அதை அமுக்கினால் காற்று ஓடிவந்து பொத்தானை அழுத்தும். கேமராவை அடுப்புக்குப் பக்கத்து அடுக்கில் டப்பாக்களுக்கு நடுவே ஒளித்து, குழாயை மேடையின் ஓரமாக இறக்கி, உருண்டையை அடுப்படிக் கால்மிதிக்கு அடியில் வைத்தாள். அங்கே யார் வந்து நின்றாலும் படம் விழும். மதியம் படுக்கப் போகும்முன் குழாயை மாட்டுவாள். எழுந்ததும் கழற்றிவிடுவாள்.

அவர் செய்யவில்லை என்று நிரூபிப்பதுதான் எண்ணம். அவர்தான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அவள் யோசிக்கவில்லை.

முதல் நாள் எழுந்து போய்ப் பார்த்தபோது, எத்தனை படம் எடுக்கப்பட்டது என்று காட்டும் சின்னச் சக்கரம் நகர்ந்திருந்தது. கேஸ் வாடை இல்லை. பால் காய்ச்சிய பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. சரி, பால் காய்ச்சியிருக்கிறார், அவ்வளவுதான். மறுநாள் நகரவில்லை. வியாழக்கிழமை அவள் விழித்தபோது கூடத்தில் அரவமே இல்லை. மாமனார் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, காவலுக்கு இருக்கும் நாய்போல.

"என்ன மாமா இங்க உக்காந்துட்டீங்க?"

"சும்மாதாம்மா. இங்க காத்து வருது."

அங்கே காற்று வரவில்லை. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தும் இலைகூட அசையாத புழுக்கம். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கேமராவைப் பார்த்தாள். சக்கரம் நிறைய நகர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை இரட்டை ஷிஃப்ட் முடிந்து சாயந்திரம் நேராக வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டாள். வெளிச்சம் புகாத துணிப்பைக்குள் கை விட்டு இருட்டிலேயே ஃபிலிமைச் சுருட்டி டப்பாவில் ஏற்றினாள். ஆயிரம் தரம் செய்த வேலைதான். இன்றைக்கு என்னவோ விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. மருந்தை ஊற்றினாள், ஆட்டினாள், கொட்டினாள், கழுவினாள். மூடியைத் திறந்து ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினாள். நெகட்டிவைப் படிப்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எலும்பில் மயிரிழை போல ஓடும் விரிசலை ஒரு பார்வையில் பிடிக்கிற கண்.

முதல் சில படங்களில் மாமனார். பால் பாத்திரத்தோடு நிற்கிறார். அடுப்பை அணைக்கிறார். அடுத்ததில் குனிந்து சிலிண்டரின் வால்வைத் தொட்டுப் பார்க்கிறார். அதற்கடுத்ததில் மறுபடியும் குனிந்திருக்கிறார். அவள் தன்னையறியாமல் சிரித்தாள். 'நான் சொன்னேனே' என்று யாரிடமோ சொல்வதுபோல வாய் அசைந்தது.

அதற்கு அடுத்த படத்தில் இருந்தது அவள்.

கழுத்தோடு வெட்டிய முடி. படுக்கும்போது போட்டுக்கொள்ளும் தொளதொள அங்கி. வலதுகை அடுப்புத் திருகின் மேல். அடுப்பில் பாத்திரம் இல்லை, நெருப்பும் இல்லை. முகம் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் ஒன்றும் கிடையாது. வேறு ஏதோ நாளாக இருக்கும் என்று மனம் அவசரமாக ஒரு சமாதானத்தைப் பிடித்தது. ஆனால் குழாயை அவள் மாட்டுவதே படுக்கப் போகும்முன்தானே. அடுத்த படம், அதற்கடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அவள்தான். காலை மாற்றி மாற்றி வைத்து நின்றிருக்கிறாள். அசைந்த ஒவ்வொரு தரமும் ஒரு படம். எவ்வளவு நேரம் நின்றாள்? வாடைகூடவா தெரியவில்லை? பிறகு ஒரு படத்தில் அவள் கையில் லைட்டர் முளைத்திருந்தது.

குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு இது ஆரம்பித்தபோது இதே வயதுதான். முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினாள்; பிறகு சாவி எதற்கு என்று கேட்டாள்; கடைசியில் பெற்ற மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாக விசாரித்தாள். மணிக்கட்டில் இருக்கும் எலும்புகளின் பெயர்களை அவள் வரிசையாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தட்டவில்லை. கணவனின் வண்டி எண், மகளின் விடுதி அறை எண், எல்லாம் வந்தன. நேற்று மதியம் மட்டும் வரவில்லை. எவ்வளவு துழாவினாலும் அங்கே தலையணையும் மின்விசிறியும்தான் இருந்தன.

கடைசிப் படத்தை அப்புறம்தான் பார்த்தாள். அதில் இரண்டு பேர். மாமனார் அவளுக்குப் பின்னால் வந்து, தூங்கும் குழந்தை கையிலிருந்து எதையோ உருவுவதுபோல, அவள் விரல்களிலிருந்து லைட்டரை வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பார்வை லைட்டரின் மேல் இல்லை. டப்பாக்களின் நடுவே நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொட்டும் ஃபிலிமோடு வெளியே வந்தாள். மாமனார் கூடத்தில் இருந்தார். சனிக்கிழமைக்காக ஒரு சின்னப் பெட்டியில் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் மடிப்பது நின்றது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"அலமாரில ஒண்ணு குறைஞ்சப்பவே தெரியும்மா, நீ எங்கேயோ வெச்சிருக்கேன்னு. எங்கேன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது."

"அது இல்ல மாமா."

அவர் சட்டையின் காலரை நீவினார். "மொதல் தடவை நீ தூக்கத்துல நடக்கறேன்னு நெனச்சேன். கூப்பிட்டேன், திரும்பல. தோளைத் தொட்டேன். என்னைப் பாத்து, 'பஸ் வந்துடுச்சா?'ன்னு கேட்ட. அப்பறம் நீயே போய்ப் படுத்துக்கிட்ட."

பஸ். எந்த பஸ் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏன் மாமா சொல்லல? உங்களைப் போகச் சொல்றாரு அவரு."

"எனக்கு வயசாச்சு. நான் மறந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. ஒன்னைச் சொன்னா ஒன் வேலை போகும். அங்க ஒன்னை நம்பி மெஷின் முன்னாடி ஆளுங்களை நிக்க வைக்கறாங்க. மகளுக்கு வேற இது பயமா ஒட்டிக்கும், பாட்டிக்கு வந்தது அம்மாவுக்கும் வந்துடுச்சேன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "நேத்து நீ படுத்தப்பறம் அந்தக் கேமரா மூடியத் திறந்து வெளிச்சத்துல காட்டிடலாம்னு கையில எடுத்தேன். எல்லாம் அழிஞ்சு போயிருக்கும். மனசு வரலம்மா."

"நீங்க போயிட்டா மதியத்துல வீட்ல நான் மட்டும்தானே?"

அவர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. அவருக்கு இத்தனை நாளும் தூக்கம் வராமல் இருந்தது அந்தக் கேள்வியால்தான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவன் உள்ளே வந்தான். மூடாத பெட்டியையும், பக்கத்தில் இருந்த இருவரையும், அவள் விரல்களிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஃபிலிமையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அதை நீட்டினாள். "அடுப்படியில வெச்சிருந்தேன். கடைசிப் படத்தைப் பாருங்க."

அவன் ஜன்னலருகே போய்க் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தான். கடுகளவு முகங்கள். தொளதொள உடுப்போடு இரண்டு உருவங்கள், ஏறக்குறைய ஒரே உயரம். நெடுநேரம் பார்த்தான். பிறகு மூச்சை விட்டான். அதில் ஜெயித்த தொனி துளியும் இல்லை.

"வெள்ளை முடி. அப்பாதான். லைட்டரைப் புடிச்சிருக்காரு பாரு. பின்னாடி நீ வந்து வாங்கற." திரும்பினான். "நீ இல்லாம இருந்திருந்தா?"

"ஆமாப்பா" என்றார் மாமனார் உடனே. "நான்தான். காலைல கெளம்பிடலாம்."

அவள் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. வெந்நீர் போல, சுகமாக. சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இப்படியே நின்றால் போதும், இது அவருடையதாகிவிடும். தனக்குள் அப்படி ஒருத்தி இருந்ததைக் கண்டதுதான் எல்லாவற்றையும்விட அவளை நடுங்க வைத்தது. மாமனார் அவளைப் பார்த்து, மகனுக்குத் தெரியாமல், தலையை மெல்ல இடவலமாக அசைத்தார். வேண்டாம்.

"அது நெகட்டிவ்ங்க" என்றாள். குரல் யாருடையதோபோல வந்தது. "அதுல கறுப்பு வெள்ளையாத் தெரியும். வெள்ளை கறுப்பாத் தெரியும். நல்லாப் பாருங்க."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. மறுபடியும் தூக்கிப் பிடித்தான். தகப்பனின் நரைத்த தலையைப் பார்த்தான், அவளுடைய கறுத்த தலையைப் பார்த்தான், ஃபிலிமைப் பார்த்தான். உதடுகள் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தன.

"நாளைக்கு என்னை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். "அதுவரைக்கும் மதியத்துல என்னைத் தனியா விடாதீங்க."

அவன் திரும்பவில்லை. மாமனார் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எதிர் மாடிகளில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. இவர்கள் வீட்டில் யாரும் சுவிட்சைப் போடவில்லை. ஃபிலிம் முழுக்கக் கறுப்புப் பட்டையாகி, அதில் யார் யார் என்று தெரிவதற்கு வழியே இல்லாமல் போன பிறகும், அவன் அதைக் கண்ணெதிரே பிடித்தபடியே ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான்.