அடிபட்டவன் பிழைத்தானா?

ஆராதனை முடிந்து பிரியந்தி தேவாலயப் படியிறங்கியபோது, வட்டவளைப் பஜாரைக் கூட்டும் காளியாயி விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள்.

"அம்மா, ஒன்னு கேக்கணும். ரோட்டுல அடிபட்டுக் கெடந்தானே, அந்த ஆளு பொழைச்சானா இல்லையா?"

பிரியந்திக்குச் சற்று நேரம் ஒன்றும் விளங்கவில்லை. போன ஞாயிறு அவள் சபைப் பிள்ளைகளுக்குச் சொன்ன வேதக் கதை அது. காளியாயி ஜன்னலோரம் கூட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். கள்ளர்கள் அடித்துப் போட்ட மனிதனைக் குருவானவர் ஒருவர் பார்த்தும் பாராமல் போனார் என்பது வரைதான் கேட்க முடிந்ததாம். அதற்குள் வேலை வாங்கும் ஓவசியர் பஸ் நிலையத்தைக் கூட்டச் சொல்லி விரட்டிவிட்டார்.

"ஒரு கெழமையா வீட்டுல சண்டைம்மா. யாராச்சும் தூக்கியிருப்பாங்கன்னு நான் சொல்றேன். 'போடி, எவன் தொடுவான்'ங்கிறாரு எங்க வீட்டுக்காரரு."

பிரியந்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். காளியாயி தடுத்தாள். "எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு. வீட்டுக்கு வந்து அவருகிட்டயே சொல்லுங்க."

"வாறேன் காளியாயி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மனம் பின்வாங்கியது. பஜாருக்குப் பின்னாலிருக்கும் கூட்டுகிறவர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. சபையில் யாருமே போனதில்லை. "கதை சொல்லு, வேணாங்கல. கை நனைச்சிட்டு மட்டும் வந்துராத" என்றான் கணவன் கஜேந்திரன். அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் வழியெல்லாம் வெட்கப்பட்டாள்.

காளியாயியின் வீட்டுக்காரர் மாயாண்டி கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தார். நாற்காலியில் புதுத் துவாய் விரித்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு சோடாப் போத்தல்.

"கடையில வாங்குனதும்மா. மூடி தொறக்கல, பாருங்க" என்றாள் காளியாயி.

தன் கையால் கொடுத்தால் எதுவும் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்தவள் வருகிறவரின் மானத்தைக் காப்பாற்ற வைத்த போத்தல் அது. பிரியந்தி கதையைத் தொடங்கினாள். குருவானவர் கடந்து போனார். ஆலயத்தில் ஊழியம் செய்கிறவரும் விலகிப் போனார்.

"நான் சொன்னேன்ல!" என்று மாயாண்டி கட்டிலில் தட்டினார். "நான் கழிவுத் தண்ணிக் காணுக்குள்ள விழுந்து கால ஒடிச்சப்ப, பஸ்ஸுக்கு நின்ன சனமெல்லாம் வேடிக்கைதான் பாத்துச்சு. எங்க ஆளுங்க வந்துதான் தூக்குனாங்க."

"மூணாவதா ஒருத்தர் வந்தாரு" என்றாள் பிரியந்தி. "அவரோட சனத்த மத்தவங்க ஒதுக்கி வச்சிருந்தாங்க. அவங்க கையால தண்ணிகூட..."

மூடி திறக்காத போத்தல் கண்ணெதிரே நின்றது. இந்தக் கதையில் தான் யார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ முறை சொன்ன கதை, இன்றைக்குத்தான் அவளைப் பிடித்துக் கேட்டது.

போத்தலைக் கீழே எடுத்து வைத்தாள். "அக்கா, அடுப்புல இருக்கிற தேத்தண்ணியில எனக்கும் ஒரு கோப்பை தாங்க."

தன்னைவிட மூத்த காளியாயியை அவள் அக்கா என்றது அதுதான் முதல் தடவை. காளியாயி பதறினாள். "வேணாம்மா, ஒங்க சபை ஆளுங்க ஏதாச்சும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

முதல் மிடறு தொண்டையில் நின்றது. பழக்கம் அத்தனை சீக்கிரம் இறங்குமா? இரண்டாவது மிடறு இறங்கியது. மூன்றாவதில் இஞ்சி தட்டியிருப்பது தெரிந்தது. கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள்: அந்த மனிதர் எண்ணெய் பூசிக் காயங்களைக் கட்டியதையும், தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்ததையும்.

மாயாண்டி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப தூக்குனது நம்மள மாதிரி ஆளா?"

"ஆமாண்ணே. பெரியவங்கள எல்லாம் விட்டுட்டு, அவரத்தான் இயேசு எல்லாருக்கும் எடுத்துக் காட்டுனாரு."

மாயாண்டியின் முகத்தில் ஒரு மிடுக்கு ஏறியது. "கேட்டியாடி? நம்ம ஆளு!"

"நான் ஜெயிச்சதச் சொல்ல மாட்டாரே" என்றாள் காளியாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி தாயி, இப்படியொரு கதையச் சொன்ன அந்த மனுஷன் எங்க சனத்த நல்லாத் தெரிஞ்சவரா இருக்கணும். அவரு யாரு?" என்று மாயாண்டி கேட்டார்.

"மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருண்ணே. ஊருக்கு வெளியில கொண்டுபோய்த்தான் அவரக் கொன்னாங்க. ஆனா சாவு அவரப் பிடிச்சு வைக்க முடியல."

மாயாண்டி கையை உயர்த்தி நிறுத்தினார். "இரு தாயி, இத நான் மட்டும் கேக்கக்கூடாது." சுவரைத் தட்டிப் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தார். "வீரய்யா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா!"

ஆட்கள் வந்து வாசலை அடைத்தார்கள். உள்ளே வரத் தயங்கினவர்களுக்கு இடம் விட்டு, பிரியந்தி நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. சபைக்குப் போய் இதைத் தலைநிமிர்ந்து சொல்லலாம். காளியாயி தேத்தண்ணிக் கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தாள்.