மெஷின் வளர்த்த மேசை

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுப் பின்னறையில் சொந்தமாகச் செய்த மெஷின், ஓட ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, மரத்தைச் செதுக்குவதற்குப் பதிலாக வளர்த்தது. அன்றைக்கு வானம் லேசாக மூடியிருந்தது, குழாயில் தண்ணீர் வழக்கமான நேரத்துக்கு வந்தது, பால் விலையில் மாற்றமில்லை. தெருவில் பாதிப் பேர் பிற்பாடு தாங்களும் கூடவே நின்று பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் முதலில் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மெக்கானிக். இன்னொருவன் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. மாடியறையில் குடியிருந்துகொண்டு போன் ரிப்பேர் கடை நடத்துகிறவன், மூன்று வேளையும் கீழே வந்து சாப்பிடுகிறவன்.

மெக்கானிக்குக்கு இப்படி ஓர் ஆசை வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே லிஃப்டோடு மேலும் கீழுமாகப் போய்வந்த மனிதர். இடமும் வலமுமாகப் போகிற ஒன்றை ஒருநாள் தன் கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்ததைப் பலகையில் அப்படியே செதுக்கித் தருகிற சி.என்.சி. மெஷினைக் கல்லூரியில் படிக்கும் மகள் ஒருநாள் போனில் காட்டினாள். அதைச் சிலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள் என்றும் விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். அவ்வளவுதான், ஆளைப் பிடித்துக்கொண்டது. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் மெஷின் வரைந்தார். அடியில் ஒரு பலகை, அதன் இரு ஓரத்திலும் தண்டவாளம், அதன் மேல் பாலம் மாதிரி நகர்கிற ஒரு குறுக்குச் சட்டம், சட்டத்தில் தொங்கிக்கொண்டு, சுழன்று மரத்தைக் குடையும் ஒரு பிட். முன்னும் பின்னும் இழுக்க ஒரு மோட்டார், இடமும் வலமும் இழுக்க ஒரு மோட்டார், பிட்டை ஏற்றி இறக்க மூன்றாவது மோட்டார். அந்த மூன்றாவதைப் பற்றி மட்டும் அவர் கவலையே படவில்லை. ஏற்றி இறக்குவதைத் தூக்கத்தில்கூடச் செய்துவிடுவேன் என்றார். அவசரத்துக்கு நிறுத்த, கழித்துக்கட்டிய ஒரு லிஃப்டிலிருந்து பெரிய சிவப்புப் பட்டனைக் கழற்றி வந்து முகப்பில் பொருத்தினார்.

தடங்கல் வந்தது அடிப்பலகையில். பிளைவுட் போட்டுப் பார்த்தார். முதல் மழைக்கே உப்பி, ஒரு மூலை தூக்கிக்கொண்டது. பலகை வளைந்தால் பிட் ஓரிடத்தில் ஆழமாக இறங்கும், இன்னோரிடத்தில் தொடவே தொடாது. வருஷக்கணக்காகக் காய்ந்து, இனி எதற்கும் வளைந்து கொடுக்காத மரமாக வேண்டும். அந்த வீட்டில் அப்படிப்பட்ட மரம் ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர் லீவு போட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், மெக்கானிக் சாப்பாட்டு மேசையை அறுத்தார். வேண்டுமென்று செய்யவில்லை; அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு அது மேசையாகவே படவில்லை, அளவுக்கு வாகான பலகையாகத்தான் பட்டது. கையால் எதையாவது செய்துகொண்டே இருக்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது, மருந்து கிடையாது. மேல்பலகையில் பெரிய துண்டு அடிப்பலகையானது, மிச்சத்தில் பாலமும் அதன் இரண்டு கால்களும் கிடைத்தன. மகள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க செத்தீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

நர்ஸ் ஊரிலிருந்து வந்தபோது, வெறும் தரையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மெக்கானிக் தப்பித்திருப்பார். ஆஸ்பத்திரி ஷிஃப்ட் ஒரு பக்கம், யாரோ எங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்டதும் ஓட வேண்டிய புருஷன் ஒரு பக்கம், கல்லூரி ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்த வீடு அது. நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த ஒரே இடம் அந்த மேசை. கல்யாணமான வருஷம் ஓர் ஆபீஸ் ஏலத்தில் நர்ஸ்தான் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார். “மேசை திரும்பி வரட்டும்,” என்றார். “அதுவரைக்கும் இந்த வீட்ல யாரும் யாரோடயும் சேர்ந்து சாப்பிட வேண்டாம்.”

சொன்னபடியே நடந்தது. சமையல் வேளை தவறாமல் ஆயிற்று, உப்பும் காரமும் குறையவில்லை, ஆனால் தட்டுகள் நான்கு திசையில் போயின. நர்ஸ் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டார், மகள் கட்டிலில், மச்சினன் மாடிப்படியில், மெக்கானிக் பின்னறையில் மெஷினுக்கு எதிரே. மெக்கானிக் வாங்கிய ஒரு புது மேசையைத் தூக்கிக்கொண்டு கடை ஆட்கள் வந்தார்கள். நர்ஸ் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, மேசையோடு திருப்பி அனுப்பினார். மெக்கானிக் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு இளைத்துப் போனார். ஒரு வாய் அள்ளி வைத்தால் அது தொண்டையில் நின்று யாரையோ தேடியது. மெஷினை முடித்துவிட்டால் அதைக்கொண்டு மனைவிக்கு ஒரு நல்ல மேசை செய்து கொடுக்கலாம் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். அறுத்தது அறுத்ததுதான் என்பது அவருக்கும் தெரியும்.

அப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு வட்டம் செதுக்கிப் பார்க்கலாம் என்று, ஒரு சிறு கட்டையை அடிப்பலகையில் முடுக்கி மெஷினை ஓட விட்டார். பிட் சுழன்றது. இறங்க வேண்டிய பிட் ஏறியது. எதையும் தொடாமல் அந்தரத்தில் வட்டம் போட்டது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார், தூக்கிய கை அப்படியே நின்றது. தரையில் கிடந்த மரத்தூள் எழுந்து, புகையாகச் சுருண்டு, பிட்டின் நுனிக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டையிலிருந்து மரம் கிளம்பி, பிட் போன உயரத்துக்கு அதன் பின்னாலேயே வளர்ந்து வந்தது. வட்டம் முடிந்தபோது கட்டையின் மேல் வளையல் போல மர வளையம் ஒன்று எழும்பி நின்றது. ரேகை ஓடியிருந்தது. எங்கும் ஒட்டுப்போட்ட அடையாளமில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மூன்றாவது மோட்டாரில் சிவப்பு வயர் போக வேண்டிய இடத்தில் பச்சை போயிருந்தது. மச்சினனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம். குடும்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. வயர் மாட்டிய அன்று மெக்கானிக்கை ஏதோ கட்டடத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள்; மீதியை மச்சினன்தான் மாட்டினான். ஏற்றி இறக்குகிற மோட்டார்தானே என்று அதைச் சரிபார்க்காமலே விட்டிருந்தார். “ரெண்டும் ஒண்ணாத்தான மாமா இருக்கு” என்றான் மச்சினன். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். “தொடாதீங்க” என்றது ஒரு குரல். நர்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டைத் தவிர வேறு எதற்காகவும் அவர் பேசிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. உள்ளே வந்து அந்த மர வளையத்தைத் தடவிப் பார்த்தார். “அறுத்ததை இது சேர்க்குமா?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. அளவு வேணும்,” என்றார் மெக்கானிக். அறுத்தவருக்கு அளவு நினைவில்லை. நர்ஸுக்கு இருந்தது, வருஷா வருஷம் அந்த மேசைக்கு விரிப்பு வெட்டிப் போட்ட கை. நீளம், அகலம், ஓரத்தின் வளைவு, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னார். மகள் கம்ப்யூட்டரில் வரைந்தாள். அடிப்பலகையே மேசையின் துண்டு என்பதால், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று முடிவாயிற்று. மெஷின் தன் படுக்கையான அந்தப் பலகையைத் தானே வளர்க்கத் தொடங்கியது. அறையிலிருந்த மரத்தூள் முதல் சுற்றிலேயே தீர்ந்தது. பிறகு ஜன்னல் வழியாக வந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த தச்சர் மூச்சு வாங்க ஓடிவந்து, “என் பட்டறைத் தூள் இந்தப் பக்கம் வந்துச்சா?” என்று கேட்டார். வந்தது என்று சொன்னதும், காணாமல் போகவில்லை என்கிற நிம்மதியில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்டவாளம் முடிந்த இடத்தையும் தாண்டி மெஷின் போனது. போன இடத்தில் தண்டவாளம் இருந்தது. சொன்ன அளவுக்கு வளர்ந்த மேசை அந்தச் சின்ன அறையைச் சுவரிலிருந்து சுவர்வரை பிடித்துக்கொண்டது. கீழே நான்கு கால்கள் இறங்கித் தரையைத் தொட்டன. மெக்கானிக் அழுதுகொண்டிருந்தார். கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. தூள்தான் பிட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லையே.

ஓரங்கள் முடிந்ததும் பிட் நடுவுக்கு வந்தது. அங்கேதான் சிக்கல். அறுத்த வெட்டு எது, ஆண்டுக்கணக்கில் பட்ட வடு எது என்று மெஷினுக்குத் தெரியவில்லை. அதற்குப் பள்ளம் என்றால் பள்ளம்தான். சூடான பாத்திரம் வைத்துக் கருகிய குழி நிரம்பியது. கத்தி பட்ட கீறல்கள் நிரம்பின. பிறகு பிட் பூனையிடம் போனது. மகள் சின்ன வயதில் காம்பஸ் முனையால் கீறிய பூனை. அப்போது நர்ஸுக்கு விடாமல் நைட் ஷிஃப்ட்; அம்மா வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பூனை வேண்டும் என்று பிள்ளை கீறி வைத்தது. மேசையைக் கெடுத்துவிட்டாள் என்று காலையில் வந்த நர்ஸ் அடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பூனையின் மேல் ஒருநாளும் அவர் பாத்திரம் வைத்ததில்லை. பூனையின் வால் நுனியில் பிட் நின்றது. வால் மறைந்தது. நர்ஸ் கையை ஓங்கிச் சிவப்புப் பட்டனை அறைந்தார்.

மெஷின் நின்றது. எத்தனையோ பேரை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி வைத்த பட்டன் அது; இந்த முறை ஒரு பூனையை அதன் வாலுக்கும் முதுகுக்கும் நடுவில் நிறுத்தியது. நர்ஸ் குனிந்து பூனையைத் தடவிப் பார்த்தார், காது இருந்தது, மீசை இருந்தது. “போதும். இதுவே நம்ம மேசைதான்,” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “அன்னிக்கு உன்னை அடிச்சிருக்கக் கூடாது,” என்றார். மகள் போய் நாற்காலிகளைக் கொண்டுவந்தாள். மேசை அறைக் கதவைவிடப் பெரிதாக வளர்ந்திருந்ததால் வெளியே கொண்டுபோக வழியில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பம் பின்னறையில் சாப்பிட்டது. மேசையே மெஷினின் படுக்கை என்பதால் மெஷினையும் கழற்ற முடியவில்லை. நான்கு தட்டுகளுக்கு மேல் பாலம் நின்றது. மெக்கானிக் அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கினார், தச்சர் இரண்டு முறை வாங்கினார்.

அடுத்த சில வருஷங்களில் மெக்கானிக் ஒரு லிஃப்டின் இரண்டு பட்டன்களை மெஷினில் பொருத்தினார். மேல் அம்பை அமுக்கினால் மரம் வளரும், கீழ் அம்பை அமுக்கினால் ஊரில் எல்லா மெஷினையும் போலச் செதுக்கும். அக்கம்பக்கத்தார் கால் போன நாற்காலிகளையும் செல்லரித்த ஜன்னல்களையும் கொண்டுவந்தார்கள். விரிசல் விட்ட புல்லாங்குழலைக் கொண்டுவந்தவர், துளைகளும் சேர்ந்து அடைபட்டுவிட்டதால், நல்ல வழவழப்பான கம்பு ஒன்றோடு வீடு திரும்பினார். தச்சருக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. பிறகு தன் பட்டறைத் தூளையெல்லாம் மூட்டை கட்டி அவரே கொண்டுவந்து போட ஆரம்பித்தார். மச்சினன் குறுக்குச் சட்டத்தில் ஓர் உப்புக் கிண்ணத்தைக் கட்டித் தொங்கவிட்டான். கேட்டவர் பக்கம் அது தானாகவே போய் நின்றது. இடமும் வலமுமாகப் போகிற ஒன்றைச் செய்ய ஆசைப்பட்ட மனிதர், அது போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வாயும் சாப்பிட்டார்.

வால் மட்டும் வரவில்லை. கீழ் அம்பை அமுக்கி ஒரு வால் செதுக்கித் தருவதாக மெக்கானிக் பலமுறை சொன்னார். நர்ஸ் வேண்டாம் என்றார், காரணம் சொல்லவில்லை. மகள் படிப்பை முடித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய், லீவுக்கு மட்டும் வருகிறவளானாள். அப்படி வந்திருந்த ஒருநாள் மத்தியானம், நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது, பையிலிருந்து ஒரு பழைய காம்பஸை எடுத்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேசைமேல் கவிழ்ந்து கீற ஆரம்பித்தாள். மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நர்ஸ் குனிந்து, பூனைக்கு வால் முளைப்பதைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் நீளமா போடு,” என்றார்.

மகள் நீளமாகப் போட்டாள். கிளம்பிய மரத்தூளைப் பிடிக்க மெஷின் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. நர்ஸ் உப்புக் கிண்ணத்தை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, மறு கையால் மெஷினை லேசாகத் தள்ளிவிட்டு, “நீ சும்மா இரு, அவ வேலை செய்யறா,” என்றார். மெஷின் நின்றது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.