பனி விலகும்வரை

போர் தொடங்கியதும் ஊர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டைக் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஒதுக்கினார்கள். சுவரில் வரைந்திருந்த மீன்களை யாரும் அழிக்கவில்லை. அக்கா அங்கே நர்ஸ். போர்முனையிலிருந்து காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவருபவன் அவள் தம்பி, ராணுவ மருத்துவ உதவியாளன். ஸ்ட்ரெச்சர் கைமாறும் நேரத்தில்தான் இருவரும் முகம் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று காலை அவன் கொண்டுவந்தது ஒரு லாரி ஓட்டும் சிப்பாயை. ரத்தம் நிற்கத் தொடையில் பட்டையை இறுக்கி, கட்டிய நேரத்தைச் சிப்பாயின் நெற்றியில் மார்க்கரால் எழுதியிருந்தான்.

"வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேன்க்கா. கண்ண மூட விடல."

ஆபரேஷன் தியேட்டரில் ஊர் டாக்டரும் ராணுவ சர்ஜனும் ஒரே மேஜையின் இரு பக்கமும் நின்றார்கள். அதற்குள் வெளியே பனி இறங்கி ஹெலிகாப்டரை விழுங்கியிருந்தது. "விலகாம கிளம்ப முடியாது" என்றார் பைலட். தம்பிக்கு நின்றபடியே கண் சொருகியது.

"டேய், வந்து படு." ஜன்னலோரம் காலியாக இருந்த கட்டிலைக் காட்டினாள் அக்கா.

"பேஷண்ட் கட்டில்க்கா."

"இப்ப நீதான் பேஷண்ட். படுடா."

பூட்ஸை அவளே கழற்றினாள். அடித்துப் போட்டதுபோல் தூங்கிப்போனான். ஜன்னலுக்கு வெளியே பனி நகர நகர, சுவர் மீன்களும் நீந்துவதுபோல் இருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து, பக்கத்துக் கட்டிலில் கிடத்தியிருந்த சிப்பாய்க்கு மெல்ல மயக்கம் தெளிந்தது.

"தண்ணிக்குள்ளயா இருக்கேன்?"

"வார்டுல இருக்கீங்க. மீனெல்லாம் பெயிண்ட்."

தலையைத் திருப்பினான். அசையாமல் கிடந்த தம்பியைப் பார்த்தான்.

"என்னைத் தூக்கிட்டு வந்தவரு... போயிட்டாரா?"

"தூங்குறான். காது குடுத்துக் கேளுங்க."

குறட்டை கேட்டது. சிப்பாய் சிரித்தான்; கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"என்னை மட்டும் தூங்க விடல, மனுஷன்! சிஸ்டர், என் காலு?"

அவள் போர்வையை விலக்கி விரல்களைக் காட்டினாள். அவன் நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டான்.

பனி விலகி வெளிச்சம் வந்தது. வாசலில் வந்து நின்றார் பைலட். எழுப்பப் போன அக்காவின் கை பாதியில் நின்றது. பைலட் அதைப் பார்த்தார்.

"இன்ஜின இன்னொரு தடவ பாத்துட்டு வரேன்" என்று, பார்க்க ஒன்றுமில்லாத இன்ஜினைப் பார்க்கப் போனார்.

தம்பி தானாகவே எழுந்தான். போகும் வழியில் சிப்பாயின் கால்விரலைத் தொட்டுப் பார்த்தான்.

"சூடா இருக்குக்கா, ரத்தம் ஓடுது" என்றான், தேர்வில் பாஸானவன்போல.

சில வாரங்களில் சிப்பாய் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனான். தம்பி இன்னும் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறான். பனி இறங்கும் காலைகளில் அக்கா ஜன்னலோரக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைக்கிறாள்.