தண்ணீர் இறங்கி நின்ற இடம்

சத்தம் வராமல் தண்ணீர் ஊற்றுவதில் அவர் இந்தச் சில நாட்களில் கைதேர்ந்துவிட்டார். வாளியைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து, சுவரை ஒட்டினாற்போல் வழியவிட வேண்டும். ஒரேயடியாகக் கவிழ்த்தால் ஜன்னல் வரைக்கும் கேட்டுவிடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் மனைவி படுத்திருந்தாள். உடம்பில் மற்றதெல்லாம் கைவிட்டாலும் காது மட்டும் அவளுக்கு இன்னும் கூர்மைதான்.

தொட்டியின் உட்சுவரில் அவள் சொல்லி அவர் போட்ட சாக்பீஸ் கோடு இருந்தது. அதற்கு ஒரு விரல் அளவு கீழே தண்ணீர் வந்ததும் நிறுத்திக்கொண்டார். முழுதாக நிரப்பினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிகிற அளவுக்குக் கள்ளத்தனம் வந்திருந்தது.

அந்த நீரூற்றைக் கட்டியவளே அவள்தான். கட்டட அலுவலகத்தில் ஊராருக்கெல்லாம் பிளான் வரைந்து கொடுத்தவள், ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒன்று வரைந்தாள். மேலே ஒரு கல் கிண்ணம், கீழே முழங்கால் உயரத்துக்குத் தொட்டி. மோட்டார் தண்ணீரை ஏற்ற, கிண்ணம் நிறைந்து வழியும். கொத்தனாரைப் பக்கத்தில் நின்று படாத பாடு படுத்தி வேலை வாங்கினாள். அவருடைய பங்கு, தொட்டிக்குள் ஒரு விளக்கு போடலாமே என்று சொன்னதுதான். தபால் அலுவலகத்தில் முத்திரையைத் தவிர வேறெதையும் அடித்துப் பழகாத கை அவருடையது. அவர் ஆசைக்காகச் சுவரில் ஒயருக்கு ஓட்டை போடச் சொல்லி, ரப்பர் வைத்துத் தன் கையாலேயே அடைத்தாள்.

அவள் படுக்கையில் விழுந்த நேரம் பார்த்துத் தொட்டி ஒழுகத் தொடங்கியது. கொத்தனார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கன்னு தெரியாம எதைன்னு பூசறது?" என்று கையை விரித்துவிட்டார்.

"மோட்டாரை நிறுத்துங்க," என்றாள் படுத்தபடியே. "ஒரு சொட்டு ஊத்தாதீங்க. தானா இறங்கட்டும். எங்க வந்து நிக்குதோ, அந்த மட்டத்துலதான் ஓட்டை."

"நிக்காமலே போயிட்டா?"

"அப்ப அடியில. அடியிலதான் இருக்கும், பாருங்க. அந்த ஆள் மூலையில ஒழுங்காப் பூசல, நான் அப்பவே சொன்னேன்."

"எனக்கென்னவோ அந்த விளக்கு ஒயர் போற இடம்னு தோணுது." உண்மையில் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

"அது நான் அடைச்சதுங்க. அது எப்படி ஒழுகும்?"

"பந்தயமா?"

"பந்தயம். தோத்தவங்க ஒரு மாசத்துக்கு டீ போடணும்."

ஒரு மாசம் என்று அவள் வாயில் வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு போட்ட பந்தயம் ஒன்றில்கூட அவர் ஜெயித்ததில்லை.

அந்தப் பந்தயத்தைத்தான் அவர் இப்போது வாளி வாளியாகக் கெடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்க இறங்க, கை தானாக வாளிக்குப் போனது. மற்ற எதற்கும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு ஒரு வாளி போதும்.

வாளியைச் செடிகளுக்குப் பின்னால் மறைத்துவிட்டு உள்ளே போனார். மகள் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு இறங்கியிருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு விரல்."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க?"

"நேத்து... நேத்தும் ஒரு விரல்தான்."

"பேன்ட்டைப் பாருங்க."

முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகு நேரம் ஆயிற்று.

"ஏங்க இப்படிப் பண்றீங்க?"

"மீன் பாவம்..."

"மீனைத்தான் அன்னிக்கே டப்புல மாத்தியாச்சே."

அதற்குமேல் அவரிடம் பொய் இல்லை. "குறையறதைப் பாத்துட்டு இருக்க முடியலம்மா," என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்ங்க," என்றாள் மெதுவாக. "எங்கன்னு தெரிஞ்சுட்டாப் போதும். இனிமே ஊத்தாதீங்க. சத்தியமா?"

"சத்தியமா."

மத்தியானம் வந்த நர்ஸ், இனி சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், உதட்டைப் பஞ்சால் நனைத்தால் போதும் என்றாள். அவர் கையில் கஞ்சியும் ஸ்பூனும் இருந்தன. மகள் அவற்றை வாங்கிக்கொண்டு போய் அடுக்களையில் வைத்தாள்.

சாயங்காலம் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒரு கையை மகள் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் நர்ஸ் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்தார். சரியாக இருந்த போர்வையை மறுபடியும் சரிசெய்தார். பிறகு எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா!"

குழாயை மூடினார். இறுக்கி மூடாவிட்டால் சொட்டும், அதற்கு அவள் திட்டுவாள். இன்னொரு திருகு திருகி இறுக்கிவிட்டுத்தான் ஓடினார்.

உள்ளே நர்ஸ், நாடி பார்த்த கையைப் படுக்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு ஆட்களால் நிறைந்தது. யார் யாரோ அவர் தோளைத் தொட்டார்கள். குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்பது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் போனால் போயிருக்கும். மைத்துனர், "அக்காவுக்குப் பிடிச்ச சத்தம், கொஞ்ச நேரம் ஓடட்டுமே," என்று வாளித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி மோட்டாரைப் போட வாளியைத் தூக்கினார்.

"தொடாதீங்க!"

வீடே திரும்பிப் பார்த்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர் போட்ட சத்தம் அது. மைத்துனர் வாளியைத் தொட்டியருகிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்.

எல்லாம் முடிந்து, கடைசியாக இருந்த உறவினரையும் வழியனுப்பிவிட்டு, ஒருநாள் காலையில் தோட்டத்துக்குப் போனார். வாளியில் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தொட்டியில் நன்றாகவே இறங்கியிருந்தது. வற்றிப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் பாதியில் நின்றிருந்தது. சாக்பீஸை எடுத்துத் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தார். கோட்டைவிட்டு அசையவில்லை.

மண்டியிட்டு, அந்த மட்டத்திலேயே சுவரைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டு வந்தார். மூலை, பக்கச் சுவர், அடுத்த மூலை. விளக்கு ஒயர் போகிற இடத்தில் ரப்பர் வெடித்து விரல்நுனி உள்ளே போனது. அந்தப் பக்கம் ஈர மண் தட்டுப்பட்டது.

"ஏம்மா!" என்று எழுந்தார். "நான் சொன்னேன் பாத்தியா!" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, மண் ஒட்டிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசல் வரைக்கும் வேகமாக வந்துவிட்டார்.

கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அடுக்களையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா."

"டீ போடட்டுமா?"

விரலைப் பார்த்தார். மண் இன்னும் காயவில்லை.

"இல்லம்மா, நானே போட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, இடது கையால் பாத்திரத்தை எடுத்துக் குழாயடியில் பிடித்தார்.