ஆடு ஆற்றைக் கடந்த சனிக்கிழமை

அன்று காலை டெலாலி வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, ஒரு புத்தகத்தைக் கதவு நிலையில் அடித்துத் தூசி போக்கியது. கானா நாட்டின் டேமா துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய புத்தகங்களை ஹோ ஊர்ச் சந்தையில் விற்பவள் அவள். எந்தத் தேசத்துப் பிள்ளைகளோ படித்து முடித்துத் தூக்கிப் போட்டவை. ஒவ்வொரு மூட்டையிலும் ஒன்றிரண்டை விற்காமல் ஒதுக்கி வைப்பாள். சனிக்கிழமை மாலை தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட.

"இது வேணாம். சின்னதுங்க தூங்கிடும், பெருசுங்க கொட்டாவி விடும்" என்று சொல்லி அதை மூட்டைக்குள் திருப்பிப் போட்டாள்.

"முழுசா படிச்சியா?" என்றார் கணவர் டோட்ஸே.

"எதுக்கு முழுசா? நடுவுல ரெண்டு பக்கம் பார்த்தா தெரியாதா?"

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. சோளக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவள் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிப் போனாள். மதியத்துக்கு முன்பே தலைக்குள் ஏதோ ரத்தக்குழாய் வெடித்துக் கடையிலேயே சரிந்துவிட்டாள். டோட்ஸே ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பக்கத்துக் கடைக்காரிகள் அவள் முகத்தை மூடியிருந்தார்கள்.

டோட்ஸே உள்ளூர் வானொலியில் இறப்புச் செய்தி வாசிப்பவர். ஹோவில் யாராக இருந்தாலும் டோட்ஸே வாயால் வந்தால்தான் செத்ததாகக் கணக்கு என்று லாரிப் பேட்டையில் கேலி பேசுவார்கள். அடித்தொண்டையிலிருந்து வரும் குரல். ஒரு பெயரையும் விழுங்காது. செத்தவரின் பெயர், ஊர், குடி, மனைவி மக்கள், மருமக்கள், கடைசியில் "மற்றும் பலர்". டெலாலிக்கும் அவரேதான் வாசித்தார். வேறு யாராவது வாசிக்கட்டும் என்று நிலையத்தில் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. முடியும்வரை குரல் இம்மியும் அசையவில்லை. அருமையாக வாசித்தீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களை அவர் மன்னிக்கவில்லை. தன்னையும்தான்.

அடக்கம் முடிந்து அடுத்த சனிக்கிழமை, வெயில் தாழும் நேரத்தில் முற்றத்தில் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பிள்ளைகள். எல்லாருக்கும் மூத்தவள் யாயிரா, பதின்மூன்று வயது, முதுகில் தம்பியைக் கட்டிக்கொண்டு பாயின் சுருட்டலைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, புத்தகம்?"

"உங்க அத்தை இல்லையேம்மா."

"அது தெரியும். அடக்கத்துல நாங்கதானே பாடினோம். புத்தகம் இருக்குல்ல?"

சனிக்கிழமை மாலையில் நிலையத்தில் வேலை இருந்ததால் டெலாலி வாசித்து ஒருநாளும் அவர் கேட்டதில்லை. இப்போது அந்த மாலைகளை நிலையத்தில் விடுப்பாகக் கொடுத்திருந்தார்கள். விடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து கண்ணாடியைத் தேடினார்.

முதலில் எடுத்தது பல் விழுந்த முயல்குட்டி ஒன்றின் கதை. ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, தங்கள் எவே மொழியில் அதைச் சொன்னார். முயலின் பெயர், தாயின் பெயர், வசிக்கும் பொந்து எல்லாவற்றையும் திருத்தமாக, நிறுத்தி, அடித்தொண்டையில். பாயில் அசைவே இல்லை. முதல் அத்தியாயம் முடிந்தபோது பதினொரு வயது எலிகெம் மெல்லக் கையைத் தூக்கினான்.

"மாமா, முயல் எப்பச் செத்துச்சு?"

"சாகலையே. பல்லுதான் விழுந்துச்சு."

"நீங்க வாசிச்சதைக் கேட்டா அடக்கம் எப்பன்னு சொல்லப்போறீங்கன்னு நினைச்சேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டோட்ஸே மட்டும் சிரிக்கவில்லை. பெரியதுகள் அதோடு முயலைக் கைவிட்டு, பாயின் பின்வரிசையில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கத் தொடங்கின.

அடுத்த வாரம் பெரியதுகளுக்கு ஏற்றதாகப் பார்த்து எடுத்தார். விடுதிப் பள்ளி ஒன்றில் வெள்ளிக்கோப்பை திருடுபோகிறது. ஒரே அறையில் ஐந்து மாணவர்கள் உட்கார்ந்து யார் எடுத்தது என்று பேசிப் பேசியே கண்டுபிடிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான புத்தகம்தான். டோட்ஸேவுக்கே பிடித்திருந்தது. ஆனால் சின்னதுகளில் பாதி தூங்கிப்போயின. மீதி பாய்க்கோரையை உருவத் தொடங்கின. யாயிராவின் தம்பி வீறிட்டான். அவனை ஆட்டிக்கொண்டே அவள் வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்ததில் திருடன் யாரென்றே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

சரி, வயது வாரியாகப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தார். சின்னவர்கள் மூன்று மணிக்கு. பெரியவர்கள் நாலு மணிக்கு. மூன்று மணிக்கு முயல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வந்தது ஒரு கோழி. நாலு மணிக்கு மொத்தப் படையும் வந்து இறங்கியது, முதுகிலும் இடுப்பிலும் சின்னதுகளோடு.

"மூணு மணிக்குத்தானே சின்னதுங்களை வரச்சொன்னேன்?"

"அதுங்களை யாரு தூக்கிட்டு வர்றது மாமா? நாங்கதானே?" என்றாள் யாயிரா. "மூணு மணிக்கு ஒருவாட்டி, நாலு மணிக்கு ஒருவாட்டின்னு வந்தா வீட்டுல சோளத்தை யாரு அரைக்கிறது? நீங்க வருவீங்களா?"

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். குரலில் கோபமில்லை, சந்தையில் விலை சொல்லும் குரல்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. லாரிப் பேட்டைப் பக்கத்துல சனிக்கிழமை படம் போடுறான். சின்னதுங்களையும் சேர்த்து உள்ளே விடுறான். அடுத்த வாரமும் இப்படித்தான்னா எல்லாரும் அங்க போயிடுவாங்க. நான் தடுத்துப் பார்த்தேன்."

"நீ?"

"நானும்தான் போவேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் போன பிறகு, அடுத்த தெருவில் யாரோ உரலில் இடிப்பது முற்றம்வரை கேட்டது. இனி எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான் இருக்கும் என்று டோட்ஸே ஒருகணம் நினைத்துப் பார்த்தார். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து, டெலாலி விற்கமாட்டேன் என்று ஒதுக்கி வைத்திருந்த புத்தகக் கட்டை இழுத்தார். மேலே இருந்ததன் அட்டை பாதி கிழிந்திருந்தது. ஒரு பையனும் அவனுடைய சித்தப்பாவும் கல்யாண வீட்டுக்கு ஓர் ஆட்டை நடத்திக் கொண்டுபோகும் கதை. ஆடு நடக்க மறுக்கிறது. இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அவள் ஒதுக்கியது. அதையே எடுத்து வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வந்தாலும் எலிகெம் செருப்பைக் கழற்றாமலே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். போகத் தயார் என்று அர்த்தம்.

டோட்ஸே வாசித்தார். பையனும் சித்தப்பாவும் ஆடும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பாலமில்லை, படகுமில்லை. ஆடு தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டது. அவர் பக்கத்தைத் திருப்பப் போனார்.

"நிறுத்துங்க! நான் அன்னைக்கு அங்க இருந்தேன்!"

முன்வரிசையில் செலாசி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை.

டோட்ஸே கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீ எங்கேயும் இல்ல. உக்காரு."

பாயில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள், குழம்புச் சட்டியைக் கவிழ்த்தவனைப் பார்ப்பதுபோல. செலாசி உட்காரவில்லை, உதடு நடுங்கியது.

"மாமா, அவளை விடுங்க" என்றான் எலிகெம். "அத்தை விடுவாங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சின்ன வயதில் அவரே எத்தனை முறை அப்படி எழுந்து நின்றிருக்கிறார்! கதை சொல்பவர் பாதியில் இருக்கும்போது கேட்பவன் ஒருவன் எழுந்து, நான் அங்கே இருந்தேன் என்பான். என்ன பார்த்தாய் என்று சொல்பவர் கேட்டாக வேண்டும். அவன் ஒரு பாட்டு எடுத்துவிடுவான், எல்லாரும் பாடுவார்கள், பிறகு கதை மேலே போகும். அது வாய்க்கதைக்கு. அச்சடித்த புத்தகத்துக்குள்ளும் அப்படிப் புகலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. டெலாலிக்குத் தோன்றியிருக்கிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். அவரிடம் இருந்தது ஒரே குரல்தான். அதிலேயே கேட்டார்:

"அன்று ஆற்றங்கரையில் இருந்தவரும், இத்தெருவைச் சேர்ந்தவருமான செலாசி அவர்களே, தாங்கள் கண்டது என்ன?"

செலாசிக்கு வாய் பிளந்துவிட்டது. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்:

"ஆட்டுக்குத் தாடி நனையுதாம்,
சித்தப்பாவுக்குக் கால் குளிருதாம்,
யாரு முதல்ல? யாரு முதல்ல?"

"நீயே முதல்ல!" என்று மொத்தப் பாயும் கத்தியது. கைதட்டல் எழுந்தது. எங்கிருந்தோ ஒரு தகரக் குவளை தாளமாயிற்று. யாயிராவின் முதுகில் இருந்த தம்பி இரண்டு கையாலும் அவள் தோளில் அறைந்தான். பாட்டு மூன்று சுற்று போயிற்று. முடிந்ததும் சின்னதுகள் விழுந்தடித்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்றன.

அப்புறம் ஆற்றில் இறங்கினார்கள். நடு ஆற்றில் சித்தப்பாவின் தொப்பியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. எலிகெம் துள்ளி எழுந்தான். அவன் செருப்பு எப்போது கழன்றதோ தெரியவில்லை.

"மாமா! மாமா! தொப்பிக்கு இறப்புச் செய்தி வாசிங்க!"

"ஆமா மாமா! வாசிங்க மாமா!"

டோட்ஸே புத்தகத்தைத் தாழ்த்தினார். முதுகை நிமிர்த்தினார்.

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது. ஓலைத்தொப்பி அவர்கள் இன்று ஆற்றில் காலமானார். அன்னாரைப் பிரிந்து வாடுவோர்: சித்தப்பாவின் வழுக்கைத் தலை..."

பாயே சிரித்து உருண்டது.

"...அண்ணன் குடை, தங்கை விசிறி, அன்னாரை ஒருமுறை கடித்துப் பார்த்த ஆடு, மற்றும் பலர். அன்னார் இல்லாத வீட்டில்..."

அந்த இடத்தில் குரல் உடைந்தது. மனைவிக்கு வாசித்தபோது அசையாத குரல் ஓர் ஓலைத்தொப்பிக்கு உடைந்துபோனது. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் திணறுகிறார் என்று பிள்ளைகள் நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அது முழுக்கத் தப்பென்று சொல்லவும் முடியாது. யாயிரா மட்டும் சிரிப்பதை நிறுத்தினாள். எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள்.

"குடிங்க மாமா. ஆடு இன்னும் நடு ஆத்துல நிக்குது."

அவர் குடித்துவிட்டு ஆட்டைக் கரையேற்றினார்.

அந்த வாரம் கட்டிலுக்கு அடியில் இருந்த மற்றப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் ஒருத்தி கழுதைமேல் உப்பு ஏற்றிக்கொண்டு போகிறாள். ஒன்றில் அறுந்த பட்டத்தைத் தேடி அண்ணனும் தங்கையும் மலையேறுகிறார்கள். இன்னொன்றில் ஒரு தபால்காரரின் சைக்கிள். எதிலும் யாரும் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கவில்லை. எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஆறு, மேடு, முள், மழை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னது எழுந்து பாட இடமிருந்தது. அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளப் பெரியதுகள் உட்கார்ந்திருக்கும். நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லச் சின்னதுகள் உட்கார்ந்திருக்கும். ஒரே பாய் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது இப்படித்தான். இத்தனை வருடம் கூட வாழ்ந்து, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கட்டு தீர்ந்த பிறகு சந்தைக்குப் போனார். டெலாலியின் கடையை இப்போது அவள் தங்கை நடத்துகிறாள். புதுமூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்து, நிறையப் புத்தகங்களை வேண்டாமென்று தள்ளினார்.

"அத்தான், வாங்கப்போறீங்களா, இல்ல மூட்டைக்குள்ளயே குடியிருக்கப் போறீங்களா?" என்றாள் தங்கை.

"இரு. இதுல எல்லாரும் வீட்டுக்குள்ளயே இருக்காங்க. அந்தப் பச்சை அட்டையை எடு."

பச்சை அட்டையில் ஒரு சிறுமி தன் ஊரிலிருந்து கடலுக்கு நடக்கிறாள். ஏன் என்று முதல் அத்தியாயத்தில் சொல்லவில்லை. எலிகெமுக்கு அது பொறுக்கவில்லை, வாரம் முழுக்க வானொலி நிலைய வாசலில் வந்து நின்று, "மாமா, அவ ஏன் போறா?" என்று நச்சரித்தான். லாரிப் பேட்டைப் படக் கொட்டகையில் அதற்குள் இரண்டு படம் மாறிவிட்டது. என்ன படமென்று முற்றத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வாசிப்பு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். கையில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, இடது காலில் ஒருவருடையது, வலது காலில் இன்னொருவருடையது என்று போனார்கள். ஞாயிறு காலை தேவாலய வாசலில் வைத்துத்தான் அவரவர் செருப்பை அவரவர் மாற்றிக்கொள்வார்கள். டெலாலி இருந்தபோதும் அப்படித்தான்.