ஆயிரம் பாட்டுப் பெட்டி

எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் அப்பாவு அண்ணன் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கினார். மேலே தங்க எழுத்தில் ‘ஆயிரம் அமுத கானங்கள்’. உள்ளே நான்கு பென்டிரைவ்: காதல், சோகம், பக்தி, குத்து. மனுஷ வாழ்க்கையைக் கத்திரிக்காய் மாதிரி கூறு கட்டி வைத்திருந்தார்கள். எந்தப் பாட்டிலும் இரண்டாம் சரணம் கிடையாது. போதாக்குறைக்கு எவனோ தகர டப்பாவைத் தட்டிச் சேர்த்திருந்தான். எனக்குச் சகிக்கவில்லை.

நான் குவாலிட்டி செக்‌ஷன். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டில் அதை இலவசமாகவே செய்கிறேன் என்பாள் என் மனைவி.

பாட்டைவிட மோசம் அப்பாவு அண்ணன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, உருகிக்கொண்டிருக்கும் பாட்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டு வேறொரு பென்டிரைவைச் செருகுவார். வடக்குப்பட்டு நெருங்கினால் கட்டாயம் குத்து. ரசனை கெட்ட மனுஷன் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஸ்டாப்பில்தான் எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் செங்கமலம் இறங்குவாள். காலை ஷிப்ட் முடித்த அசதியில் வழியெல்லாம் தூக்கம். அங்கே அவள் புருஷன் சிவசங்கர் குழந்தை நிலாவோடு நிற்பான். குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, எதிரே வரும் தன் கம்பெனி பஸ்ஸில் தாவி ஏறுவான். காண்ட்ராக்ட் ஆள், பிந்தினால் சூப்பர்வைசர் கேட்டுக்குள்ளேயே விடமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இரவல் வாங்கி, நான்கையும் அழித்துவிட்டு, முழுப் பாட்டுகளாக நிரப்பினேன். குழலும் வீணையும். திங்கட்கிழமை பஸ் அப்படியே மிதந்தது. என் ரசனையை நானே மெச்சிக்கொண்டு கண்ணை மூடினேன்.

விழித்தபோது மறைமலை நகர். பக்கத்துச் சீட்டில் செங்கமலமும் அப்போதுதான் விழித்தாள். ஜன்னலைப் பார்த்தவள், ஸ்டாப் தாண்டிவிட்டது என்று பதறி எழுந்தாள்.

“வடக்குப்பட்டுல குத்தப் போட்டு நிறுத்தினேனே,” என்றார் அப்பாவு அண்ணன், பஞ்சை எடுத்தபடி. “குத்துப் போட்டா எழுந்துக்குவாங்க. அதுக்குத்தானே போடறது? இல்லன்னா அந்தக் கருமத்த எவன் கேப்பான்?”

பென்டிரைவில் நான் செய்த வேலையைச் சொன்னேன். செங்கமலம் திட்டவில்லை.

“பாட்டு நல்லாத்தான் கீதுண்ணே,” என்றாள். “அதான் தூங்கிட்டேன்.”

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிவசங்கர் அதே இடத்தில் நின்றிருந்தான். நாளைக்கும் பிந்தினால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டானாம்.

நேரே கூட்டுரோட்டுக்குப் போய் அதே மாதிரிப் பெட்டி கேட்டேன். இருப்பதிலேயே சத்தமானது எது என்று கடைக்காரரைப் போடச் சொல்லி, காதைக் கொடுத்து, குத்து பென்டிரைவுக்கு ஒவ்வொரு பாட்டாகத் தேர்ந்தெடுத்தேன். இப்படி ஒரு ரசிகரைப் பார்த்ததே இல்லை என்றார்.

மறுநாள் வடக்குப்பட்டில் தகர டப்பா இடி இடித்தது. பஸ்ஸே துள்ளி எழுந்தது. செங்கமலம் ஓடி இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொள்ள, சிவசங்கர் எதிர் பஸ்ஸைப் பிடித்துவிட்டான். நிலா மட்டும் எங்கள் பஸ்ஸைப் பார்த்தபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். நல்ல ரசனை உள்ள பிள்ளை.