தெருவின் மேற்குப் பக்கம்

1

மனிதகுலம் இதுவரை வரைந்த கோடுகளிலேயே மிகக் கொடியது அமெரிக்காவின் சன்னிவேலில் ஒரு தெருவின் நடுவே ஓடுகிறது. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நாடுகளுக்கு நடுவே இருக்கும் கோட்டைத் தாண்டவாவது ஒரு வரிசை உண்டு. காத்திருந்தால் பத்து வருடத்திலோ இருபதிலோ ஏதாவது நடக்கும். இந்தக் கோட்டுக்கு வரிசையே கிடையாது. மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி மாவட்டம், கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று; வீட்டு விலாசத்தை வைத்துத்தான் பள்ளி. இணையத்தில் பள்ளிகளுக்குப் போடும் மதிப்பெண்ணில் மேற்குக்குப் பத்துக்குப் பத்து, கிழக்குக்குப் பத்துக்கு ஐந்து. குப்பை வண்டி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் வருகிறது.

கதை கிடைத்த இடத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல் கமினோ ரியல் சாலையில் ஒரு தோசைக் கடை. பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நாற்பது நிமிடம் வாசலில் நின்றேன். முன்னால் நின்ற இரண்டு பெண்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "பர்த்டே பார்ட்டில வயிறு முட்ட சாப்டுட்டு, கார்ல ஏறினதும் ரிப்போர்ட் பண்ணிருக்காங்கப்பா." அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை நானே எழுத வேண்டியதாயிற்று.

எழுதுமுன் ஓர் உறுதிமொழி. நல்ல பள்ளிக்காகப் பொய் விலாசம் கொடுக்கும் பெற்றோரைப் போல நகைப்புக்குரிய பிறவி வேறில்லை. அவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் பேனாவை எடுத்தேன். என் கதையில் யாரும் பள்ளிக்காக ஓர் அங்குலம் நகர மாட்டார்கள். எழுத்துக்கென்று ஒரு நேர்மை இருக்கிறது. எனக்கு வயது இருபத்திரண்டு. கையிருப்பில் நேர்மை நிறைய இருக்கிறது.

2

பவளம் ஜன்னலைத் திறந்தபோது எதிர்வீட்டு ஆரஞ்சு மரத்தில்

(வேண்டாம். மரம் வந்தால் அதைக் குறியீடு என்பீர்கள்.)

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து சன்னிவேல் வரை அவளுடைய பயணம் ஒரு நெடிய

(இதுவும் வேண்டாம். அவள் விமானத்தில் வந்தாள். ஒருநாள் ஆயிற்று.)

பவளம் தெருவின் கிழக்குப் பக்கம், ஓர் அபார்ட்மெண்டின் மாடியில் வாடகைக்கு இருந்தாள். மென்பொருள் சோதிக்கும் வேலை. கணவன் வாஞ்சிநாதன் காலை ஏழு மணிக்குக் கம்பெனி ஷட்டிலில் ஏறிவிடுவான். மகள் வெண்பாவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

3

வெண்பா பள்ளிக்குப் போகுமுன் இரண்டு வருடம் அவர்கள் ஞாயிறுதோறும் வீடு பார்த்தார்கள். வாஞ்சிநாதனிடம் ஓர் எக்செல் இருந்தது: பள்ளி மதிப்பெண், கணக்கில் தேறியவர் சதவீதம், ஆபீஸ் தூரம், விலை. (இந்த எக்செல் இங்குள்ள எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு வத்தக்குழம்புப் பொடியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.) ஒரே கட்டடக்காரர் ஒரே வருடத்தில் கட்டிய மூன்று படுக்கையறை வீடு, மேற்குப் பக்கத்தில் நான்கு லட்சம் டாலர் அதிகம். சமையலறை அலமாரி திறக்கும் சத்தம்கூட ஒன்றுதான். ஃப்ரீமான்ட் பார்த்தார்கள், அங்கேயும் கோடு. டெக்ஸஸுக்கு வந்துவிடு என்றான் இர்விங்கில் இருந்த நண்பன். அங்கேயும் கோடு உண்டு. நிலம் மலிவு என்பதால் நீளமாகப் போட்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கம் ஷ்யாமளா ஆன்ட்டி. மயிலாப்பூர்க்காரர். மகன்கள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். பவளத்தின் எக்செல் புலம்பலை ஒருநாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "என் அட்ரஸைப் போட்டுக்கோயேன். அது என்ன தேஞ்சா போயிடும்?" என்றார்.

அப்படித்தான், பள்ளிக்கு விலாசச் சான்றாகக் காட்ட, ஆன்ட்டி வீட்டு இன்டர்நெட் பில் பவளத்தின் பெயருக்கு மாறியது. வெண்பா தினமும் காலையில் தெருவைக் கடந்து, ஆன்ட்டி வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, அங்கிருந்து பள்ளிக்கு நடந்தாள். இரண்டு வருடம் ஒரு பிசகும் இல்லை.

(நான் சிரிக்க வேண்டிய இடம் இது. சிரிப்பு வரவில்லை. அடுத்த பகுதியில் முயல்கிறேன்.)

4

பிசகு பவளம் செய்தது. வெண்பாவின் எட்டாவது பிறந்தநாளை என் வீட்டுத் தோட்டத்திலேயே வைத்துக்கொள் என்று ஆன்ட்டி படித்துப் படித்துச் சொன்னார். பவளம் கேட்கவில்லை. படிவத்தில் யார் வீட்டு விலாசத்தையும் எழுதலாம். ஆட்களைக் கூப்பிட்டுச் சோறு போடும்போது அடுத்தவர் வீட்டில் நின்று போடுவதா? அவளுக்கு அது மானப் பிரச்சினை. வகுப்பு முழுவதற்கும் அழைப்பு போனது. அபார்ட்மெண்ட் எண், வாசல் கதவின் கோட் எல்லாம் சேர்த்து.

பதினெட்டுப் பிள்ளைகள், கூடவே அப்பா அம்மாக்கள். முட்டையில்லாத கேக், பீட்ஸா, பெரியவர்களுக்கு அரிசிம்பருப்பு சாதம். ஒருவர் நெய் போட்டு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பால்கனியில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி, "அப்போ நீங்க இந்த சைடா?" என்று கேட்டார். பவளம் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

5

கேட்டவர் பெயர் ப்ரியம்வதா. முதல் பிரதியில் அவருக்கு மெல்லிய உதடுகளும் இடுங்கிய கண்களும் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் அந்த நான்கு லட்சத்தைக் கொடுத்து மேற்கில் வீடு வாங்கியவர். அதற்காக நான்கு வருடமாக ஊருக்குப் போகவில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை வீடியோவில் பார்த்தார். அவருக்குக் கோபம் வராதா? வரும். எனக்கே வருகிறது.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று பாருங்கள். ஒரு வீட்டின் விலையைக் காட்டித்தான் ஒரு பிள்ளைக்கு நல்ல வகுப்பறை கிடைக்கும் என்று வைத்தவர்கள்மேல் போகவில்லை. பொதுப்பள்ளி என்று பெயர் வைத்து அதில் பொதுவை மட்டும் விற்றவர்கள்மேல் போகவில்லை. நெய்ச்சோறு செரிக்கும் முன்பே ஓர் எட்டு வயசுப் பிள்ளைமேல் போயிற்று. புகார்ப் படிவத்தில் இதற்குத் திருட்டு என்று பெயர். சரி, திருட்டு என்றே வைத்துக்கொள்வோம். வெண்பா ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் திருடியிருக்கிறாள். அதை எந்தக் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பது?

6

பள்ளி மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. ஏதாவது ஒரு காலையில், ஆறரை மணிக்கு, அதிகாரி ஒருவர் விலாசத்துக்கு நேரில் வருவார்; பிள்ளை அங்கே தூங்கி எழுகிறாளா என்று பார்ப்பார். இல்லையென்றால் அன்றைக்கே பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்படும்.

மறுநாளிலிருந்து பவளம் விடியுமுன் வெண்பாவைத் தூக்கத்தோடு எழுப்பி, பைஜாமாவோடு தெருவைக் கடந்து கூட்டிப் போனாள். ஆன்ட்டி வீட்டு ஹாலில் உட்கார வைத்து ஒத்திகை நடந்தது. உன் ரூம் எது என்று கேட்டால் மாடியைக் காட்ட வேண்டும்.

"பட் ஐ டோன்ட் ஸ்லீப் ஹியர்," என்றாள் வெண்பா.

"அவர் கேட்டா மட்டும் சொல்லு கண்ணு."

"தட்ஸ் லையிங், அம்மா. மை டீச்சர் செட்."

பத்துக்குப் பத்துப் பள்ளி. சொல்லிக் கொடுத்ததை நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பவளத்துக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. அவிழ்ந்திருந்த பைஜாமா பட்டனைப் போட்டுவிட்டாள். வகுப்பில் ஆர்யனோடு சேர்ந்து பட்டுப்புழு வளர்க்கிறோம், வெள்ளிக்கிழமை கூடு கட்டிவிடும் என்று வெண்பா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பவளம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

7

முடிவுகள்.

அ) வெண்பா உண்மையைச் சொல்கிறாள். அதிகாரி கண்கலங்கி, கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார். (எந்த ஊரில்?)

ஆ) வெண்பா உண்மையைச் சொல்கிறாள். அதிகாரி பெயரை நீக்குகிறார். வெள்ளிக்கிழமை பட்டுப்புழு கூடு கட்டுகிறது. ஆர்யன் தனியாக

(முடியவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.)

இ) வெண்பா பொய் சொல்கிறாள். பள்ளியில் நிலைக்கிறாள். அன்றிலிருந்து அம்மாவை வேறு மாதிரி

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆன்ட்டி வீட்டு வாசல் மணி அடித்துவிட்டது. புதன்கிழமை, ஆறு இருபத்தெட்டு. அன்றைக்கென்று பவளத்துக்கு அலாரம் கேட்கவில்லை; தாயும் மகளும் கிழக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஷ்யாமளா ஆன்ட்டி கதவைத் திறக்கிறார். அதிகாரி மரியாதையான மனிதர், ஷூவைக் கழற்றிவிட்டு மாடி ஏறுகிறார். ஆன்ட்டி பின்னால் ஏறுகிறார், முட்டி வலிக்கு மெதுவாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெதுவாக. மேலே ஓர் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் இதுவரை எழுதவில்லை. அதிகாரி குமிழைத் திருப்புகிறார்.

எழுதுகிறேன்: உள்ளே ஒரு சின்னக் கட்டில். போர்வை காலடியில் உதைத்துத் தள்ளப்பட்டிருக்கிறது. ஒற்றைக் காலுறை. சுவரில் பென்சிலால் உயரம் அளந்த கோடுகள், இரண்டு வருடத்துக்கு. மேஜையில் பட்டுப்புழு பற்றிய நூலகப் புத்தகம், கவிழ்த்தபடி. பக்கத்துக் குளியலறையில் ஈரமான ஒரு சின்ன டூத்பிரஷ். கட்டிலில் வெண்பா, வாயைத் திறந்துகொண்டு ஆழ்ந்த தூக்கத்தில். தூங்குகிற பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. அடுத்த அறையிலிருந்து பவளம் கொண்டை போட்டுக்கொண்டே வந்து, "எஸ்?" என்கிறாள்.

அதிகாரி தாளில் குறித்துக்கொள்கிறார். ஆனால் கீழே இறங்கியதும் வாசலில் தயங்குகிறார். எதிர்ப்பக்க மாடியைப் பார்க்கிறார். இருபது வருட அனுபவம், ஏதோ இடிக்கிறது. வேறு யாராவது பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று தேடுகிறார்.

நீங்கள் இருக்கிறீர்கள். முதல் வரியிலிருந்து இருக்கிறீர்கள்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை எந்தப் பக்கம் குடியிருக்கிறாள் என்று உங்களிடம் கேட்கிறார்.